ஹால் கூரையில் ஒரு சிவப்பு விளக்கு

1

போன வாரம் எங்கள் வீட்டுக் கூரையைப் படம் எடுத்து எனக்கே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். படத்தில் இருந்தது புகை அலாரம். அதன் மேல், குளிக்கும்போது தலை நனையாமல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தொப்பி. பூப்போட்ட தொப்பி வேறு. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் நான்கு பத்திகள். சுருக்கம் இதுதான்: உயிர் காக்கும் கருவியை மூடி வைப்பது வாடகை ஒப்பந்தத்தை மீறுகிற செயல், இன்னொரு முறை கண்ணில் பட்டால் நடவடிக்கை எடுக்கப்படும்.

இங்கிலாந்தில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் கறுப்பா சிவப்பா என்று இதுவரை தெரியாது. எல்லாம் ஏஜென்சி வழியாகத்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை அவர்களுடைய ஆள் ஒருவர் வந்து, கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தபடியே வீட்டைச் சுற்றுவார். நீளக் குச்சியால் அலாரத்தின் பொத்தானை அமுக்குவார். அது கத்தும். கையிலிருக்கும் டேப்லெட்டில் எதையோ தட்டுவார். ஆனால் அவர் கண் கூரையோடு நிற்பதில்லை என்பது என் எண்ணம். வாசலில் கிடக்கிற செருப்புகளையும் பார்க்கிறார், மடித்து வைத்த பாய்களையும் பார்க்கிறார். ஒப்பந்தத்தில் எழுதியதைவிடக் கூடுதலாக யாராவது இங்கே தங்குகிறார்களா என்று கணக்குப் போடுகிறார். புகையெல்லாம் ஒரு சாக்கு.

என் மனைவி இதைக் கேட்டுச் சிரிப்பாள். சந்தேகம் என் கூடவே பிறந்தது. தபாலில் இலவசமாக எது வந்தாலும் முதலில் உறையைத் திருப்பிப் பார்ப்பவன் நான்.

தொப்பிக்கு வருகிறேன். காய்ந்த மிளகாயும் கடுகும் தாளித்தால் இந்த ஊர் அலாரத்துக்கு அது தீ விபத்து. தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தும். அதனால் இங்கே நம் ஆட்களில் பாதிப் பேர் வீட்டில் இந்தத் தொப்பி வைத்தியம் உண்டு. தாளித்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். அன்றைக்கு மறந்துவிட்டோம். ஏஜென்சி ஆள் என் மகள் யாழினியிடம் இது என்ன என்று கேட்டிருக்கிறார். அவள் அழகான ஆங்கிலத்தில், அப்பா சமைக்கும்போது போடுவார், கழற்ற அடிக்கடி மறந்துவிடுவார் என்று விளக்கியிருக்கிறாள். 'அடிக்கடி' என்பதை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"ஏன்மா அப்படிச் சொன்ன?"

"அவர் கேட்டார்ப்பா. பொய் சொல்லணுமா?"

பள்ளிக்கூடத்தில் தீயணைப்புப் பயிற்சி கொடுத்துக் கொடுத்து, பிள்ளை எங்கள் கட்சியிலிருந்து மெல்ல அவர்கள் கட்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

நானும் பதில் எழுதினேன். நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுகிறவர்கள், வீட்டில் புகை வரத்தான் செய்யும், இது எங்கள் வழக்கம் என்று சொல்ல நினைத்தேன். என் ஆங்கிலத்தில் அது, வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் குடும்பத்தோடு புகை பிடிப்பது வழக்கம் என்பதுபோல் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்குள் புகை பிடிக்கத் தடை இருப்பதை நினைவூட்டி இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. வீட்டில் சிறுவர்கள் இருப்பதைக் கவலையோடு குறித்துக்கொண்டார்களாம். எங்கே குறித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

2

நாற்காலியில் ஏறித் தொப்பியைக் கழற்றும்போது கடலூர் வீட்டுக் கூரைதான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே ஓர் அலாரத்தை என் கையாலேயே மாட்டியிருந்தேன். அதன் கதையைத்தான் எழுத வந்தேன்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. அம்மா, என் அண்ணன் செல்வம், அண்ணி அமுதா, மூன்று பேரும் அங்கே இருக்கிறார்கள். அண்ணனுக்குச் சிதம்பரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். அண்ணி முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார். ஆக, பகல் முழுவதும் வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு தையல் மெஷின், ஓர் அடுப்பு.

அலாரம் மாட்டியதற்கு முந்தைய தடவை ஊருக்குப் போயிருந்தபோது ஒரு நாள் குளித்துவிட்டு வந்தால் வீடெல்லாம் பருப்பு தீய்ந்த நாற்றம். சமையலறைக்கு ஓடினேன். அம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குண்டான் அடியில் பருப்பு கரியாகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, "தெரியலயாம்மா?" என்றேன். தெரிந்துதான் நின்றேன் என்று சாதித்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. கண்ணை மூடச் சொல்லி, பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மஞ்சத்தூளு" என்றார்.

இடையில் ஒரு பெரிய காய்ச்சல் வந்து போனதிலிருந்தே மூக்கில் ஒரு வாசனையும் ஏறவில்லையாம். யாரிடமும் சொல்லவில்லை.

"உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் அடுப்பாண்ட நிக்கவே வுடமாட்டா. ஒரு மூலைல குந்தவச்சி சோறு போடுவா. அதுக்கு நான் என்னாத்துக்கு இருக்கணும்?"

சொல்லவில்லை. ஆனால் லண்டன் விமானத்தில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் ஒரே நினைப்பு. இன்றைக்குப் பருப்பு. நாளைக்குச் சிலிண்டர் குழாயில் தீப்பிடித்தால்? அண்ணி மெஷினில் உட்கார்ந்தால் உலகமே தெரியாது. அம்மாவுக்கோ காது நன்றாகக் கேட்கிறது, மூக்குத்தான் இல்லை. புகையைக் கண்டு கத்துகிற ஒன்று அந்த வீட்டில் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த பயணத்தில் ஓர் அலாரத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். அது ஆகிவிட்டது ஒரு வருஷத்துக்கு மேல். எங்கள் வீடு பழைய வீடு, கூரை உயரம். துளை போடும் மெஷினை எலக்ட்ரிகல் கடையில் வாடகைக்கு எடுத்தேன். உயரமான முக்காலியை அண்ணன் பிடித்துக்கொள்ள, ஹாலில் சமையலறை வாசலுக்கு நேராக, ஃபேன் காற்று அடிக்காத இடமாகப் பார்த்து மாட்டினேன். சமையலறைக்குள்ளேயே மாட்டக்கூடாது, தாளிக்கிற ஒவ்வொரு தடவையும் கத்தும்.

அண்ணி கையில் அளவு டேப்போடு வந்து நின்றார்.

"இது என்னாது தம்பி?"

"புகை வந்தா சத்தம் போடும் அண்ணி."

"புகை வந்தா நமக்கே தெரியாதா?"

இதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அம்மா வேறு சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க எல்லா வீட்லயும் இருக்கணும் அண்ணி. சட்டம்."

"அங்க சட்டம். இங்க எதுக்கு?"

"நல்லதுதானே, இருக்கட்டும்."

அண்ணி அண்ணாந்து பார்த்தார். அலாரத்தில் சிவப்பு விளக்கு ஒரு தடவை மின்னியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

"கண்ணு சிமிட்டிகிட்டே இருக்குதே."

"பேட்டரி வேலை செய்யுதுன்னு காட்டுது."

சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். ஏஜென்சி ஆளுக்கு நான் ஆட்டுவதும் அதே தலையாட்டல்தான். நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை என்று அதற்குப் பொருள்.

3

வாரம் ஒரு தடவை பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும், மாதம் ஒரு தடவை தூசி தட்ட வேண்டும், பேட்டரி இறங்கினால் குருவிக் குஞ்சுபோல விட்டுவிட்டுக் கத்தும், உடனே மாற்ற வேண்டும். இதையெல்லாம் அண்ணனிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன். இருந்தாலும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது, நான் கேட்க அமுக்க வேண்டும் என்று ஏற்பாடு. முக்காலியை மொசைக் தரையில் இழுக்கிற 'டர்ர்ர்' சத்தம் முதலில் கேட்கும். அண்ணன் முனகிக்கொண்டே ஏறுவார். பிறகு அலாரம் காதைக் கிழிக்கும். எனக்கு அந்த வாரம் நிம்மதி.

வெள்ளிக்கிழமைதான் வம்பு. அம்மா சாம்பிராணி போட்டுத் தூபக்காலோடு ஹாலுக்கு வந்த உடனே அது கத்தத் தொடங்கியிருக்கிறது.

"சாமிக்குப் புகை போட்டா உன் பொட்டி ஊளையிடுதுடா. இது அடுக்குமா?"

"பூஜை ரூம்ல போட்டு கதவச் சாத்திடும்மா."

"சாம்பிராணிய வீடு பூரா காட்டறதுதான்டா வழக்கம். ரூமுக்குள்ள அடச்சி வைக்கறதுக்கா?"

அந்த நேரத்துக்கு ஜன்னலைத் திற, துணியால் விசிறு என்று ஏதேதோ யோசனை சொன்னேன். அம்மா சமாதானமாகவில்லை. அண்ணி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்காது.

கொஞ்ச நாளில் வேறு சில விஷயங்கள் என் கண்ணில் படத் தொடங்கின. முன்பெல்லாம் பகலில் வீடியோவில் கூப்பிட்டால் அண்ணி நைட்டியோடு, தோளில் துண்டோடு குறுக்கே போவார். இப்போது எந்த நேரம் கூப்பிட்டாலும் புடவையைப் பின் குத்தி, தலை வாரி, எங்கேயோ புறப்பட்டவர்போல இருந்தார். முன்பு அம்மாவுக்குச் சமையலறையிலேயே தட்டு வைப்பார்கள். இப்போது ஹாலுக்கு நட்டநடுவில். தட்டை வைத்துவிட்டு, "அத்தை, சாப்டுங்க. மாத்திர இங்க வச்சிருக்கேன், மறந்துடாதீங்க" என்று நாடகத்தில் பேசுவதுபோல உரக்கச் சொல்வார். அம்மாவுக்குத்தான் காது நன்றாகக் கேட்குமே, யாருக்காக இந்தக் குரல்?

எனக்காகத்தான் என்று நினைத்தேன். நான் போனில் இருப்பது தெரிந்து போடுகிற வேஷம். வேஷம் போடுகிறார் என்றால் போன் இல்லாத நேரத்தில் வேறு என்னவோ நடக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. நான் அம்மாவோடு பேசும்போது பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் சட்டென்று நிற்கும். கொஞ்ச நேரம் நிசப்தம். மறுபடி ஓடும். துணி தீர்ந்து நிற்கிற மெஷின் இத்தனை தடவையா நிற்கும்? முன்னறையில் ஊசியை நிறுத்திவிட்டு நாங்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அதனால் நானும் பட்டும் படாமலும் அம்மாவைக் கேட்கத் தொடங்கினேன். வேளைக்குச் சாப்பாடு வருதா, மாத்திரை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், யாராவது கோபமாகப் பேசுகிறார்களா. அம்மா எல்லாவற்றுக்கும் "ம்" என்பார். போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைப்பார் என்பதை நான் யோசிக்கவில்லை.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இரு, அமுக்கறேன்" என்றார் அண்ணன். உடனே அலாரம் கத்தியது.

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். முக்காலி இழுபடும் சத்தம் இல்லை. முனகல் இல்லை. சத்தமும் கூரையிலிருந்து வருவதுபோல் இல்லை, பக்கத்திலிருந்து வந்தது. அடுத்த வாரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அப்போதும் முக்காலி நகரவில்லை. அண்ணன் திடீரென்று கூரைக்கு எட்டுகிற அளவு வளர்ந்திருக்க முடியாது.

அலாரம் கூரையிலிருந்து இறங்கிவிட்டது. எனக்குப் போக்குக் காட்டுவதற்காகப் போன் பக்கத்திலேயே வைத்து அமுக்குகிறார்கள்.

நேரே கேட்டிருக்கலாம். என் சுபாவம் அப்படியில்லை. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் என் மாமா மகன் குமாரைப் பிடித்தேன். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று வாங்கிக்கொண்டு, அம்மாவைப் பார்க்க வந்ததுபோல வீட்டுக்குப் போ, ஹால் கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வா என்றேன். போய்விட்டு அன்று சாயங்காலமே கூப்பிட்டான்.

"மச்சான், கூரைல ரெண்டு ஓட்டதான் இருக்குது. பொட்டி இல்ல."

"எங்க போச்சு?"

"பிரிட்ஜு மேல ஒரு எவர்சில்வர் டப்பா. அதுக்குள்ள இருக்குது. பேட்டரிய கழட்டல."

"அண்ணி பாத்தாங்களா?"

"பாத்துட்டாங்க மச்சான். 'கூரைய நல்லா பாத்துட்டீங்களா? காபி ஆறிப்போவுது'ன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. இனிமே இந்த மாதிரி வேலைக்கு என்னக் கூப்புடாத."

அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை. வாசனை தெரியாத ஒரு கிழவியை அடுப்போடு விட்டுவிட்டு, இருந்த ஒரு காவலையும் கழற்றி டப்பாவில் போட்டிருக்கிறார்கள். அதோடு ஞாயிறு தவறாமல் எனக்குப் பொய்ச் சத்தம் வேறு. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தோம். நேரில் வைத்துக் கேட்டுவிடுவது என்று மனதுக்குள் ஒவ்வொரு வாக்கியமாகக் கோர்த்துக்கொண்டேன். "நீங்க ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு அண்ணி?" என்று தொடங்குவதாக இருந்தது.

5

புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், இங்கே காலை, அங்கே மதியம். அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். ஹாலில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் சுவர் கொஞ்சம் மங்கியது. போன் கண்ணாடியைத் துடைத்தேன். சுவர் இன்னும் மங்கியது. சமையலறை வாசலிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ மெல்ல ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, பின்னால பாரு. புகை."

"எங்கடா?"

"அடுப்புல என்னா வச்சிருக்க?"

அம்மா திரும்பிப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"புகையெல்லாம் இல்லடா. எனக்கு ஒரு மாசமாவே எல்லாம் இப்பிடித்தான் மங்கலாத் தெரியுது. கண்ணுல புரை வுழுந்துருக்குதாம்."

ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நின்றுகொண்டு நான் கத்துகிறேன், அம்மா எனக்குக் கண்புரையைப் பற்றி விளக்கம் சொல்கிறார். அண்ணியைக் கூப்பிடு, அண்ணியைக் கூப்பிடு என்கிறேன். அப்போதுதான் பின்னால் மெஷின் ஓடும் சத்தம் நின்றிருப்பது உறைத்தது. நான் கத்துவதற்கு முன்பே நின்றிருந்தது.

அண்ணி படத்துக்குள் வந்தார். ஓடவில்லை. வேகமாக நடந்து அம்மாவுக்குப் பின்னால் சமையலறைக்குள் போனார். அம்மா போனைப் பிடித்திருந்த வாக்கில் வாசல் நன்றாகத் தெரிந்தது. அடுப்பை அணைத்தார். புடவைத் தலைப்பால் பால் குண்டானைப் பிடித்துத் தூக்கினார். தலைப்பு நழுவி, வெறுங்கையில் சூடு பட்டது. முகம் சுருங்கியது. ஆனால் குண்டானைக் கீழே போடவில்லை. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து வெளியே வைத்துவிட்டு வந்தார். ஜன்னல்களைத் திறந்தார். வேறு பாத்திரம் எடுத்துப் புதுப் பால் ஊற்றி அடுப்பில் வைத்தார். அப்புறம்தான் ஹாலுக்கு வந்து, சாதாரணக் குரலில் சொன்னார்.

"அத்தை, காலைல வாங்குன பாலு திரிஞ்சிபோச்சி. கீழ ஊத்திட்டு வேற வச்சிருக்கேன். நான் பாத்துக்கறேன், நீங்க டிவி பாருங்க."

"திரிஞ்சிபோச்சா? அந்தக் கடைல இனிமே வாங்காத" என்றார் அம்மா. என் பக்கம் திரும்பி, "பாலு திரிஞ்சிதாம்டா. நீ என்னமோ புகைன்ற" என்றார்.

நான் போனை வைத்தேன். கோர்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. அலாரத்தை ஏன் கழற்றினார்?

6

கடலூர் வீட்டுக்குள் நுழைந்ததும் யாழினி முதலில் பார்த்தது கூரையை. "ஆயா, உங்க ஸ்மோக் அலாரம் எங்க?" என்றாள். ஆயாவைக் கட்டிக்கொண்டதெல்லாம் அதற்கப்புறம். அம்மா அண்ணியைப் பார்க்க, அண்ணி என்னைப் பார்க்க, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் கண்ணைக் காட்டச் சிதம்பரம் போனோம். அண்ணன் கடைக்குப் பக்கத்திலேயே தெற்கு வீதியில் ஒரு கண் மருத்துவர். அண்ணன் அம்மாவைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனார். யாழினியும் கூடவே போனாள். வெளியே மர பெஞ்சில் நானும் அண்ணியும். எதிரே இளநீர் வண்டி. அண்ணியின் வலது உள்ளங்கையில் ஒரு நீளத் தழும்பு, இன்னும் சிவப்பு போகவில்லை.

"கை ஆறிடுச்சா அண்ணி?"

கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அன்னிக்கி அம்மா போன கீழ வைக்கல. பாத்துகிட்டுதான் இருந்தேன்."

அண்ணி இளநீர் வண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மாவுக்கு வாசனை தெரியாதுன்னு உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"காய்ச்ச வுட்ட வாரத்துலயே தெரியும் தம்பி. கெட்டுப்போன சாம்பார ஊத்திகிட்டு, நல்லாருக்குதுன்னு சாப்ட்டாங்க. நான் கேட்டா அழுவாங்க. அவுங்களா சொல்லட்டும்னு வுட்டுட்டேன். சொல்லல. அதனால எனக்குத் தெரியாத மாதிரியே இருக்கேன். மெஷின நிறுத்திட்டு நிறுத்திட்டுப் போயி மோந்து பாத்துட்டு வந்துடுவேன். தயிரு, மாவு, கேஸு எல்லாம்."

மெஷின் நின்று நின்று ஓடியது அதனால்தான். நான் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன்.

"அப்புறம் ஏன் அந்த அலாரத்தக் கழட்டுனீங்க? அது இருந்தா உங்களுக்கும் உதவிதானே?"

"நீங்க எதுக்கு மாட்டுனீங்கன்னு எனக்கு யாரு சொன்னாங்க?"

நான் அம்மாவின் ரகசியத்தை அண்ணியிடமிருந்து காத்தேன், அண்ணி அதே ரகசியத்தை அம்மாவிடமிருந்து காத்தார். நடுவில் சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"கேமரான்னுதான் நெனச்சேன் தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. "சட்டம்னு ஏதோ சொன்னீங்க. நம்பல. வெளிநாட்லேர்ந்து வந்து கூரைல சிமிட்டற மாதிரி ஒண்ணு மாட்டிட்டுப் போறாரு, வேற என்னாவா இருக்கும்? ரெண்டு நாளு சோறு எறங்கல. நான் அவுங்கள எப்பிடி வச்சிருக்கன்னு பாக்கறதுக்குக் கேமராவா? உங்க அண்ணங்கிட்ட சண்ட போட்டேன். அவுரு, அதெல்லாம் இருக்காதுன்னாரு. அவுருக்கு எது தெரியும்?"

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அப்புறம் யோசிச்சேன். பாக்கட்டுமே. நல்லாப் பாக்கட்டும். இத்தன வருசமா யாரு பாத்தா? உங்க அண்ணனே பாத்ததில்ல. பஸ் ஏறிப் போயிடறாரு. அம்மாவுக்கே தெரியாது, தெரியக்கூடாதுன்னுதான பண்றேன். நீங்களாவது பாக்கறீங்கன்னா நல்லதுதான்னு தோணிடுச்சி. அதுக்கப்புறம் நல்ல புடவையா கட்டிகிட்டேன். சோத்த அதுக்கு நேரா கொண்டாந்து வச்சேன். சிரிக்காதீங்க."

"சிரிக்கல அண்ணி."

"கொஞ்ச நாளு அப்பிடியே போச்சி. எனக்கும் ஒரு தெம்பா இருந்துச்சி, ஒரு ஆளு பாக்கறாருன்னு." உள்ளங்கைத் தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். "ஒரு நாளு நீங்க போன்ல அம்மாவக் கேட்டீங்க. வேளைக்கு சோறு போடறாங்களா, மாத்திர யாரு குடுக்கறாங்கன்னு. ஸ்பீக்கர்ல கேட்டுச்சி. அப்பதான் நான் மாத்திரயக் குடுத்துட்டு, மெஷினாண்ட வந்து குந்தறேன். அதுக்கு நேரா, நடு ஹால்லதான் குடுத்தேன். பாத்துருந்தா கேட்டிருக்க மாட்டீங்க இல்ல? அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி, அது கேமரா இல்லன்னு."

உள்ளேயிருந்து யாழினியின் குரல் கேட்டது. ஆயாவுக்கு எழுத்துகளைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேமரா இல்லன்னா அது எனக்கு எதுக்கு? வெள்ளிக்கெழமையானா கத்துது, அம்மா பயந்துக்கறாங்க. கழட்டிட்டேன்."

7

ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்னால் அலாரத்தை மறுபடி மாட்டினோம். இந்தத் தடவை முக்காலியில் ஏறியது அண்ணி. எங்கே தூசி தட்டுவது, பேட்டரியை எப்படி மாற்றுவது என்று நான் கீழே நின்று சொன்னேன். அம்மாவுக்கு மட்டும் பழைய காரணத்தையே சொன்னோம், சட்டம் என்று. வெள்ளிக்கிழமைக்கு ஒரு வழி இருக்கிறது என்று பூப்போட்ட தொப்பி வைத்தியத்தை அண்ணிக்குக் கற்றுக்கொடுத்தேன். சாம்பிராணி முடிந்ததும் மறக்காமல் கழற்றிவிட வேண்டும் என்றேன். யாழினி என்னைப் பார்த்தாள்.

இங்கே ஏஜென்சியின் இரண்டாவது கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அந்த ஆள் அடுத்த தடவை வரும்போது செருப்புகளை எண்ணுகிறாரா என்று பார்க்கத்தான் போகிறேன். என்னால் அதை விட முடியாது.

நேற்று ஞாயிறு. போன் செய்தேன். முக்காலி 'டர்ர்ர்' என்று இழுபட்டது. ஏறுகிற சத்தம், அப்புறம் காதைக் கிழிக்கிற அலாரம். அம்மா எங்கிருந்தோ, "போதும்டி, போதும்" என்றார்.

"சத்தம் வந்துதா தம்பி?" என்றார் அண்ணி, மேலிருந்தே.

"வந்துது அண்ணி."

வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் அம்மாவின் மாத்திரையைப் பற்றித் தொடங்குவேன். அண்ணியும் அதற்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"நீங்க சாப்டீங்களா அண்ணி?" என்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் இதைக் கேட்டதே இல்லை.

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றார். குரலில் அப்பட்டமான சந்தேகம்.

"சும்மாதான்" என்றேன். அவர் நம்பவில்லை.